புகார் இல்லாத தெரு

குடிநீர் அலுவலகத்தில் ஃபிட்டராக இருந்த அந்த மனிதரை எல்லாரும் கிளாம்ப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயில் ஓட்டை என்று காதில் விழுந்தால் போதும், சாப்பிட்ட கை காயுமுன் மண்வெட்டியோடு வந்து நிற்பார். தோண்டி, கிளாம்ப் என்கிற இரும்புப் பட்டையை ஓட்டைமேல் வைத்து முறுக்கி, மண்ணை மூடிவிட்டுப் போய்விடுவார். யாரையும் புகார் எழுதச் சொல்லமாட்டார். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் தாள் கேட்கலாமா என்பது அவர் எண்ணம். கடவுள் கொடுத்த நல்ல மனசு. அந்த மனசே ஒரு தெருவுக்கு வினையாகிவிட்டது.

பழைய குழாய்களை மாற்றப் பட்டியல் போட்டார்கள். புகார் அதிகம் வந்த தெருவுக்கு முதலில் புதுக் குழாய். தொட்டால் உதிரும் குழாய் ஓடுகிற பள்ளிக்கூடத் தெரு பட்டியலிலேயே இல்லை. அங்கே பட்டை போடப் போட வேறு இடத்தில் விழுந்த ஓட்டை வழியே சாக்கடை கலந்து, பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தார்கள். பட்டியல் மேலதிகாரிகளுக்குப் போகிற அன்று காலை அண்ணன் பொறியாளர் அம்மா முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, பள்ளிக்கூடத் தெருவை விட்டுட்டீங்க?"

"அஞ்சு வருஷத்துல ஒரு புகார்கூட இல்லையேண்ணே. நல்ல குழாய்."

"நல்ல குழாயா! என் மாமியார் பல்லு அதைவிடக் கெட்டி. இருபத்து மூணு இடத்துல பட்டை போட்டிருக்கேன்."

"எழுதலையே?"

"எழுதல. என் தப்பு. இப்ப எழுதறேன்."

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "சொல்லாம தோண்டினேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா மெமோ வரும். வேலையை விட்டே நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு? பேசாம போங்கண்ணே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க வயிறு பொறுக்குமா?"

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டாச்சு. எழுதாம வந்தா சோறு கிடையாதுன்னுட்டா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த வீட்டு வாசலுக்கு எதிரே, எத்தனை அடி ஆழம், எத்தனை பட்டை என்று ஒன்றுவிடாமல் எழுதினார். மூன்று தாள் நிரம்பியது. மூன்றின் அடியிலும் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்.

"இப்ப பட்டியல்ல வருமா, வராதா?"

"முதல் இடத்துக்கே வந்துடும். ஆனா உங்க கதி?"

"அது ஆண்டவன் பாடு. இன்னும் ரெண்டு தாள் குடுங்க. சந்தைத் தெருவுலயும் பதினாலு போட்டிருக்கேன்."