படியே இல்லாத கோவில்

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு புத்தர் கோவில் வாசலில் முன்பின் தெரியாத நான்கு ஆண்களைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். எதற்கு? என் கணவரை வீல்சேரோடு படியேற்றத்தான்.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு வீல்சேர். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை இங்கே நம் தமிழ்க் கோவிலுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே படிகள். நான்கு பேர் அன்பாகத்தான் தூக்கினார்கள். ஆனால் கோவிலே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும், “நாலு பேர் தூக்கிட்டுப் போக நான் என்ன உற்சவரா?” என்றார்.

அதோடு சரி. எங்கள் பேட்டை ஜனக்புரி முழுக்க அலைந்த மனுஷருக்கு பால்கனியே உலகம் என்றாகிவிட்டது. இப்படியே முடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். “காரிலேயே உட்கார்ந்து பார்த்துட்டு வந்துடலாம்” என்று பொய் சொல்லித்தான் கிளப்பினேன்.

அந்தப் புத்தர் கோவிலுக்குக் கோபுரம் கிடையாது. வெறும் கான்கிரீட்... பூச்சுகூட இல்லை. “காண்ட்ராக்டர் பாதியில ஓடிட்டானா?” என்றார் காருக்குள்ளிருந்து. எனக்கும் மெட்ரோ ஸ்டேஷன் ஞாபகம்தான் வந்தது.

ஆள் சேர்த்தாயிற்று. படி எங்கே? தேடித் தேடிப் பார்த்துவிட்டு காவலாளியிடம் கேட்டேன்.

“சீடி நஹீ ஹை, மாதாஜி” என்றார். படியே கிடையாதாம்! அதைக் கேட்டதும் என் கணவரும் காரை விட்டு இறங்கச் சம்மதித்தார்.

வாசலிலிருந்து ஒரு சரிவுப் பாதை — சுவரை ஒட்டியே வளைந்து மேலே போகிறது. மற்ற இடங்களிலும் ராம்ப் உண்டு. பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே. இங்கே அதுதான் எல்லோருக்கும் வழி. பிட்சுக்களும் குழந்தைகளும் எங்களோடு அதே பாதையில் நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒருத்தியே தள்ளினேன். அந்த நான்கு பேரிடமும் அசடு வழிய நன்றி சொல்லி அனுப்பியிருந்தேன்.

மேலே ஒரு பெரிய கூடம். கூரையின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழுகிறது. தாழ்வான மேடையில் புத்தர். நின்று பார்த்தால் குனிந்த தலைதான் தெரிகிறது. முகம் பார்க்க வேண்டுமா? பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும்.

என் கணவர்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாரே!

“எனக்கு நல்லாத் தெரியுது. நீ உட்காரு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று... கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நான் புத்தரையே பார்த்தேன்.

திரும்பும்போது காரில் கேட்டார். “இதைக் கட்டினவர் யாரு? அவர் பேருக்கு நம்ம கோவில்ல ஒரு அர்ச்சனை பண்ணணும்.”

“பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. குருக்கள் கேட்டா என்ன சொல்றது?”

“சாமி பேருக்கேன்னு சொன்னாப் போச்சு.”

“சரி, வெள்ளிக்கிழமை நான் போய்ப் பண்ணிட்டு வந்துடறேன்.”

“நானும் வர்றேன்.”

“அங்க படி இருக்கேங்க...”

“இருக்கட்டுமே. உற்சவர்னா நாலு பேர் தூக்கத்தானே செய்வாங்க!”