மனதுக்குள் ஒரு நடவு

எங்கள் வட்டாரத்தில் நடவு ஆட்களைச் சேர்த்து வயலுக்குக் கூட்டிப்போகிறவள் அம்சம். அவள் நட்ட நாற்று சாயாது என்பார்கள். வாயும் அப்படித்தான், யாருக்கும் சாயாது. ஆட்சி மாறிய மறுவருஷம் குறுவை நடவு நேரத்தில், கூலியை உயர்த்தச் சொல்லிப் பஞ்சநதம் பண்ணையில் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் செங்கொடியோடு முன்னால் நின்றவளும் அவள்தான்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான், வலது கட்டைவிரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் அங்கே கம்பவுண்டர். பழத்தைக் கழற்றிப் பார்த்தால், நகச்சுத்தி முற்றி விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. உடனே கீறிச் சீழை எடுக்காவிட்டால் விரலே போய்விடும் என்றார் டாக்டர் ஜேசுராஜ். கட்டைவிரல் இல்லாமல் நாற்றை எப்படி ஊன்றுவது? அம்சத்தின் முகம் செத்துப்போயிற்று.

மரத்துப்போக ஊசி போடலாமென்றால், முன்பு வேறோர் இடத்தில் பல் பிடுங்க அந்த ஊசியைப் போட்டுத் தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரும்பாடாம். தஞ்சாவூருக்கு அனுப்பலாமென்றால் கலவரத்தில் பஸ் ஓடவில்லை. டாக்டர் யோசித்துவிட்டு, மனோவசியம் செய்து பார்க்கலாமா என்று அவளையே கேட்டார். படிக்கிற காலத்தில் கற்றுக்கொண்டாராம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மை வைக்கிறவன் செய்கிற வேலையை எம்.பி.பி.எஸ். படித்தவர் செய்வதா? ஆனாலும் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. என்னதான் நடக்கிறதென்று பார்க்கும் ஆசை.

கண்ணை மூடச் சொல்லி, ஆற்றங்கரை மரநிழலில் சும்மா படுத்திருப்பதாக நினைக்கச் சொன்னார் டாக்டர். பட்டப்பகலில் சும்மா படுத்தால் தனக்கு உடம்பெல்லாம் பதறும் என்றாள் அம்சம். அவர் சிரித்துவிட்டு நடவுக்கு மாறினார். வாய்க்காலில் புதுத்தண்ணீர், குளிர்ந்த சேறு, அதில் கை சில்லென்று மரத்துப்போகிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். அவள் மூச்சு சீரானது. நான் கத்தியை எடுத்து நீட்டினேன்.

“பஞ்சநதம் பண்ணையோட பெரிய வயல். நட்டுக்கிட்டே பின்னால வாங்க” என்றார் டாக்டர்.

அம்சம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

“ஸ்ட்ரைக்கு நடக்குதுங்க. அந்த வயல்ல நான் எறங்க மாட்டேன்.”

நினைப்புத்தானே, நிஜமாகவா இறங்கப் போகிறாய் என்று நான் வைதேன். நினைப்பில் இறங்கினாலும் கருங்காலி கருங்காலிதான் என்று திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் என்னைக் கையமர்த்தினார்.

“சரி, உங்க சொந்த வயல்ல நடுங்க.”

அவளுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அவள் பரம்பரையிலேயே யாருக்கும் இருந்ததில்லை. இதற்கும் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ கையைத் திரும்ப நீட்டிவிட்டு, தானாகவே கண்ணை மூடினாள். டாக்டர் மறுபடியும் தண்ணீரையும் சேற்றையும் சொன்னார். அவள் இடது கைவிரல்கள் நாற்றுமுடியிலிருந்து ஒவ்வொரு நாற்றாகப் பிரிப்பதுபோல் அசைந்தன. டாக்டர் கீறினார். சீழ் பீறிட்டு வந்தது. அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. அந்த வலி எங்கே போயிற்று? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விரல் தப்பிவிட்டது. கட்டுப்போட்டு முடித்ததும், இனி எழுந்து வரலாம் என்றார் டாக்டர்.

கண்ணைத் திறக்காமலே அம்சம் சொன்னாள்: “வடக்கு மூலை பாக்கி இருக்குங்க. நட்டுட்டு வந்துடறேன்.”

வெளியே நோயாளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தும்படி எனக்குச் சைகை காட்டினார்.