ஒருவனுக்கு மட்டும் சொன்ன விளக்கம்

போதகர் லிப்ட்காரரைப் பார்க்காமலே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சிலர் சொல்றாங்க, கிதியோன் கடவுளைச் சோதிச்சது சரிதான்னு. ராத்திரிப் பனி அதுல மட்டும் விழுதான்னு ஆட்டுத்தோலை ஒரு தடவை விரிச்சுப் பார்த்தாப் போதாது, அடையாளத்தை மாத்திக் கேட்டு இன்னொரு தடவையும் பார்க்கணுமாம். வீட்ல நாற்காலி போட்டு இதைச் சொல்லியும் கொடுக்கிறாங்க."

முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. லிப்ட்காரர் மடியிலிருந்த வேதப்புத்தகத்தின் அட்டையை நகத்தால் கீறினார். புதன்கிழமை தன் வீட்டு முன்னறையில் நடத்தும் வேதபாடத்தில் அவர் சொன்னது அப்படியே பீடத்திலிருந்து திரும்பி வந்தது. இது மூன்றாவது முறை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க புதன்கிழமையைப் பத்திக் கமிட்டியில பேசணும் பிரதர். அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்."

பேசணும் என்றால் நிறுத்தணும் என்று அர்த்தம். போன வருடம் வாலிபர் பாட்டுக்குழுவைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள்.

பத்தொன்பது வயதிலிருந்து லிப்ட் பழுது பார்ப்பவர் அவர். கயிறு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் கையால் தடவிப் பார்க்காமல் நம்பமாட்டார். நம்பியிருந்தால் என்றைக்கோ ஒரு கட்டடத்தின் அடிக்குழியில் போய் விழுந்திருப்பார். வீட்டிலும் அதே கதைதான். படுக்கப் போனவர் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். "கல்யாணத்தன்னிக்கு சம்மதம்னு நான் சொன்னதையே இன்னொரு வாட்டி சொல்லுன்னு கேட்ட மனுஷன்" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வேதத்தையும் அப்படியே தடவிப் பார்த்துத்தான் படித்தார். பாடத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். முடிந்ததும் அவர் கேட்பார்: "இதை யார் சொல்றாங்க? யார்கிட்டச் சொல்றாங்க? கேக்கிறவனுக்கு உள்ளுக்குள்ள என்ன பயம்?" அவ்வளவுதான் அவர் முறை. வேலைக்குப் போகும் இடங்களில் எல்லோரும் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எப்போது சரியாகும்? புதன்கிழமை மட்டும் பத்துப் பேர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்திருப்பார்கள். அதைப் பிடுங்கிவிட்டால் வாரத்தில் அவருக்கென்று எதுவும் மிஞ்சாது.

யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள். யார்?

வீடு வரும்வரை வண்டியில் அதையே மென்றார். பழைய ஆட்கள் இல்லை. அவர்கள் வர ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. புதிதாக வருகிறவன் கண்ணாடிக்கடைக்காரன் ஒருவன்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து விற்பவன். வந்தால் கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவான். மற்றவர்கள் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. போன மாதம் போதகர் மூக்கில் புதுக் கண்ணாடிச் சட்டம் ஏறியிருந்தது. அது எந்தக் கடைச் சட்டம் என்று கேட்கவா வேண்டும்?

"அவன்தான்" என்றார் மனைவியிடம்.

"எவன்?"

"கண்ணாடி."

"ஐயோ, அது பாவம்ங்க. ஊமைக்கோட்டான் மாதிரி ஒக்காந்திருக்கு. நம்ம வீட்டுத் தண்ணியைக் குடிக்கவே கூச்சப்படுது."

"கோட்டானுக்குக் கண்ணு இருட்டுலயும் தெரியும்."

லிப்டில் எந்தக் கம்பியில் கோளாறு என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒன்றில் மட்டும் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். அவரும் அதையே செய்யத் தீர்மானித்தார். அவனுக்கு மட்டும் ஒரு விளக்கம். வேறு எந்தக் காதிலும் விழாத, எந்தப் போதகரும் கேட்டால் துள்ளிக் குதிக்கிற விளக்கம். ஞாயிற்றுக்கிழமை அது பீடத்திலிருந்து வந்தால் ஆள் அகப்பட்டான்.

அடுத்த புதன்கிழமை அவன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். லிப்ட்காரர் நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டே பேச்சை இழுத்தார்.

"ஒருத்தன் இயேசுகிட்ட, அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்துடறேன்னு கேப்பான் பாரு. செத்தவங்களைச் செத்தவங்களே பார்த்துக்கட்டும், நீ வான்னு சொல்லுவார். அதுக்குப் பெரியவங்க என்னென்னவோ பூசி மெழுகுவாங்க. ஒண்ணும் கிடையாது. சொன்னது சொன்னபடிதான். போக வேண்டாம்னா போக வேண்டாம்."

அவன் கண்களைத் திறந்து அவரைப் பார்த்தான்.

"சொந்த அப்பாவா இருந்தாலுமா பிரதர்?"

அட, முதல் கேள்வி! வார்த்தை பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? கேட்காமல் என்ன செய்வான்!

"சொந்த அப்பாவா இருந்தாலும்."

"உசுரு இழுத்துக்கிட்டிருக்கும்போது? அப்பவும் போக வேண்டாமா?"

"அப்பவுந்தான். பின்னால திரும்பாதேன்னா அதுல அப்பாவும் அடக்கம்."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"வேதம் சொல்லுது" என்றார் லிப்ட்காரர், அவன் கைகளைக் கவனித்தபடி. அவை முழங்கால்மேல் அசையாமல் இருந்தன. பழகின கை என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைய பாடம், எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவி. கட்டிக்கொடுத்த மகள்களை ஊருக்குள் விட்டுவிட்டு வந்தவள் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வாள் என்று வகுப்பைக் கேட்டார். அடுக்களை வாசலில் நின்ற மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வரட்டும் என்று காத்திருந்தார். போதகர் தொண்டையைச் செருமினார்.

"லோத்தின் மனைவி மேல நாம இரக்கப்படணும்னு சிலர் கண்ணீர் விடுறாங்க..."

அடக்கத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. லிப்ட்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கண்ணாடிக்கடைக்காரன் ஆராதனைக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்.

"அவன் இல்ல. வகுப்புல இருந்த வேற யாரோ."

மனைவி சேலை மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னாள்: "யாரும் போட்டுக்கொடுக்கலைங்க. நான் ஜெபக்குறிப்பு கொடுக்கிறேன், வேற ஒண்ணுமில்ல."

"என்ன கொடுக்கிற?"

"வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்துல உங்களுக்காக ஜெபிக்கச் சொல்றேன். நீங்க வேதத்தைத் தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னு பயம் எனக்கு. சும்மா அவருக்காக ஜெபிங்கன்னா எப்படி? கிதியோனைப் பத்தி இப்படிச் சொன்னாரு, ஆண்டவரே, அவருக்குத் தெளிவு கொடும்னு விவரமாச் சொல்ல வேண்டாமா?"

"அங்க யார் யார் இருப்பீங்க?"

"போதகர் ஐயா வீட்டம்மாதானே ஜெபத்தை நடத்துறாங்க."

போதகரின் மனைவி. லிப்ட்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இவ்வளவு வருடம் பக்கத்தில் படுத்திருப்பவள். உண்மையாகவே பயந்துதான் சொன்னாளா? அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கண்ணாடிக்கடைக்காரன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சாப்பிடாமல் கிளம்பினார்.

கடை திறந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரன் ஒரு கண்ணாடி வில்லையைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பிரதர். நானே வரணும்னு இருந்தேன்." சக்கரத்தை நிறுத்தினான். "நேத்து அப்பாவை அடக்கம் பண்ணிட்டாங்க. ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்காரு, வந்து முகத்தைக் காட்டிட்டுப் போன்னு தங்கச்சி ஒரு மாசமா அழுதுச்சு. எனக்கும் அவருக்கும் பல வருஷமாப் பேச்சு இல்ல. போறதா வேணாமான்னு தெரியாமத்தான் உங்க வீட்டுக்கே வந்துக்கிட்டிருந்தேன். கேக்க வாய் வரல. கடைசியில நீங்களாவே எடுத்துச் சொன்னீங்க. கடவுள்தான் பேசவெச்சாரு."

"போகலையா?"

"போகல. மனசு லேசா இருக்கு பிரதர்."

இதுவும் ஒரு தூண்டிலோ என்று லிப்ட்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அது பாடம் இல்ல தம்பி. நீ ஐயாகிட்டப் போய்ச் சொல்றியான்னு பார்க்கச் சொன்னேன்."

"எதை?"

"உனக்கு மட்டும் சொன்ன அந்த விளக்கத்தை. நானே அதை நம்பல."

அவன் வில்லையைத் துணியில் துடைத்து மேசைமேல் வைத்தான்.

"அப்ப அதுக்கு என்னதான் அர்த்தம்?"

அவர் வாயைத் திறந்தார். எந்த விளக்கத்தை எடுத்தாலும் தன் குரலே தனக்குச் சந்தேகமாக இருந்தது.

"தெரியல" என்றார்.

"கடையைச் சாத்தணும்" என்றான் அவன்.

திங்கட்கிழமை லிப்ட்காரர் வேலைக்குப் போனார். ஒரு துணிக்கடையில் கதவு மூடாமல் நின்ற லிப்டைச் சரிசெய்தார். மதியம் கடைத்தெரு வழியாகத் திரும்பினார். கண்ணாடிக்கடை பூட்டியிருந்தது. காலை பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். லிப்ட்காரர் வீட்டுக்கு வந்து போதகருக்கு போன் செய்தார். இனிமேல் புதன்கிழமைப் பாடம் இல்லை என்றார். போதகர் காரணம் கேட்கவில்லை. கமிட்டியில் சொல்லிவிடுகிறேன் என்றார். மனைவி வகுப்புக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரனுக்கும் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. நாற்காலிகளை மடித்துப் பின்னறையில் சாய்த்து வைத்தார்கள்.