பத்தை ஒன்று என்று படித்த பக்கம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா வேலைக்கான தேர்வு எழுதியபோது நான் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். ஏன் உட்கார்ந்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. அதை நான் எழுதி வைக்கிறேன்.

அப்போது பொம்மனஹள்ளியில் நான்கு கணினிகளோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் அதோடு விடாமல் பிரவுசரின் பிளகினையும் புதுசாக்கினேன். இணையப் பக்கத்துக்குள்ளேயே விளையாட்டு, தேர்வெல்லாம் ஓடுவதற்கு அந்தத் துணை மென்பொருள் வேண்டும். ஒன்பதாம் பதிப்பு இருந்தது, பத்தாக்கினேன். மூலைக் கணினியை மட்டும் தொடவில்லை. அதில் மவுஸ் செருகும் இடம் ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் பூசணிக்காயை வைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவுக்குக் கால் சென்டர் வேலைக்கான தேர்வு. ஒரு மணிக்குள் இணையத்திலேயே முடிக்க வேண்டும். பன்னிரண்டுக்கு உட்கார்ந்தாள். ‘எட்டாம் பதிப்போ அதற்கு மேலோ வேண்டும். உங்களுடையது பழையது’ என்றது பக்கம்.

“ஏங்க, எல்லாம் புதுசுன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டீங்களே?”

“பத்து போட்டிருக்கேன்மா!”

“எட்டு கேக்குது. பத்து குடுத்தா கசக்குதா அதுக்கு?”

மூன்று கணினிகளிலும் அதே பதில். அழித்துவிட்டு மறுபடியும் பத்தையே போட்டேன். என் புத்தி அவ்வளவுதான். கடைசியில் கணினி ரிப்பேர் செய்பவருக்குப் போன் போட்டேன்.

“அந்தப் பக்கத்த எழுதினவங்க மொத இலக்கத்த மட்டும் பாக்கறாங்க சார். பத்துல மொதல்ல என்ன இருக்கு?”

“ஒண்ணு.”

“அஷ்டே, அவ்ளோதான்! உங்களுது ஒண்ணாம் பதிப்புன்னு நெனச்சிடுச்சு. பழைய ஒம்போது எதுலயாவது இருக்கா?”

பூசணிக்காயை இறக்கினேன். மூலைக் கணினியில் தேர்வு உடனே திறந்தது. ஆனால் மவுஸ் அம்பு நகரவில்லை. மேசைக்கடியில் புகுந்து, பெட்டியின் பின்னால் அந்த ஒயரை அழுத்திப் பிடித்தேன். நகர்ந்தது. கொஞ்சம் தளர்த்தினால் நின்றது.

“அசையாதீங்க!”

“தும்மல் வருதுமா.”

“ஒரு மணிக்கப்புறம் தும்முங்க.”

வாசலில் யாரோ, “அண்ணா, ஜெராக்ஸ்!” என்றார்கள்.

“அண்ணா கீழ இருக்காரு, அப்புறம் வாங்க,” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மேலே கை தட்டும் சத்தம். பாஸ்!

“இப்ப விடலாமா?” என்றேன்.

“இருங்க, இன்னும் பிரிண்ட் எடுக்கல.”