ஏழாம் வரிசையின் ஓர இருக்கை

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஹாலிவுட் பக்கத்தில் பர்பேங்க் என்ற ஊரில் ஒரு திரையரங்கு. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

படம் இரண்டு மேஜிக்காரர்களின் பகையைப் பற்றியது. ஒருவர் பூட்டிய பெட்டிக்குள் அடைபட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் சாகிறார். கடைசி ஐந்து நிமிடத்தில் உயிரோடு வந்து நிற்கிறார். அந்தத் திருப்பம்தான் படம். படத்தொகுப்பு என்னுடையது. வெளியிடும் முன் முன்பின் தெரியாத இருநூறு பேரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவோம். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேராவது "திருப்தி" என்று கருத்துச் சீட்டில் குறிக்காவிட்டால், ஸ்டூடியோ படத்தைப் பிடுங்கிக்கொண்டு முடிவை மாற்றிவிடும்.

சீட்டு வரும் முன்பே பதிலைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. திரைக்கு அடியில் ஒரு கேமரா, கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு. அது பட்டால் மனிதக் கண்ணும் டார்ச் அடித்த பூனைக் கண் போல மின்னும். சலித்தவர் தலை குனிவார். மானிட்டரில் அவர் கண்களின் இரண்டு புள்ளிகள் அணையும். எரியும் புள்ளிகள்தான் படத்தின் நாடி.

பின்னறையில் மானிட்டர் முன் நானும் இயக்குநர் லார்ன் ஹஸ்கெட்டும். மூன்று வாரமாகச் சண்டை. திருப்பத்தை முன்பே கொஞ்சம் கோடி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள் என்பது என் கட்சி.

"கத்தரி பிடிக்கிறவங்கல்லாம் கதை சொல்ல வந்தா வெளங்கிடும்" என்றார்.

2:52. ஏழாம் வரிசை, ஓர இருக்கை. ஒரு ஆள். கண்கள் மின்னவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

3:20. பெரிதாக்கிப் பார்த்தேன். கண்கள் திறந்தே இருந்தன. வெறும் கறுப்பு... முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"அந்த ஆளைப் பாருங்க."

"அவன் ஒருத்தனுக்கா படம் எடுத்தேன்?"

3:37. மூழ்கும் காட்சி. எல்லாரும் முன்னே சாய்ந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். மெல்ல... மூடவே இல்லை.

3:58. திருப்பம். அரங்கம் முழுக்க "ஆ" என்ற சத்தம்.

அவர் எழுந்தார்.

தலையை ஆட்டினார். இல்லை... இல்லை...

லார்ன் மானிட்டரை அணைத்தார்.

அரங்குக்குள் ஓடினேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த இருக்கையில் பக்கத்துப் பெண்ணின் கோட்டு மட்டும். படம் முழுக்க அது அங்கேதான் கிடந்ததாம். அந்தப் பெண் அதை எடுத்து, முகம் சுளித்து, தண்ணீர் சொட்டப் பிழிந்தார்.

சீட்டுகளை எண்ணினார்கள். நூற்றுக்கு எண்பத்தொன்று. படம் பிழைத்தது, என் கட்சி தோற்றது. ஒரு சீட்டு மட்டும் ஊறிப்போயிருந்தது. முடிவு திருப்தியா? "இல்லை"யில் குறி. ஏன்? அதற்குக் கீழே பென்சிலில் மூன்று சொற்கள், எனக்குத் தெரியாத மொழியில்.

லார்ன் அதைப் பார்த்தார்.

"கிழிச்சுப் போடு. எண்பத்தொண்ணு வந்திருக்கு, வாயை மூடிட்டு இரு."

நான் கிழிக்கவில்லை.

தொட்டிக் காட்சிகளை ஹங்கேரியில், புடாபெஸ்டில், வேறொரு குழு எடுத்தது. எனக்கு வந்தது பதிவு மட்டும். அங்கே ஒலிப்பதிவு செய்தவருக்கு போன் போட்டு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "'நான் வெளியே வரல.' இதை யாரு உங்களுக்குச் சொன்னா?"

நடிகருக்குப் பதிலாக இறங்கியவர் பெயர் ஜோம்போர். பூட்டு திறக்கவில்லை. ஆறாவது டேக். நன்றாக நடிக்கிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் நான் சேர்த்திருந்தது அந்த டேக்தான்; பதிவைத் திரும்ப ஓட்டினேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி குமிழ்கள் வருகின்றன. பிறகு நிற்கின்றன. நின்று சரியாகப் பன்னிரண்டு பிரேம், அதாவது அரை வினாடி, கழித்து வெட்டியிருக்கிறேன். அங்கேதான் அரங்கமே மூச்சைப் பிடித்தது.

ஏழாவது டேக் எனக்கு வரவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.