எருமைக்குப் பி.டி.எஸ்.டி.

தாமிரபரணியில் வெள்ளம் வடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த எனக்கு முதல் வேலையே ஸ்கிரீனிங். ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், யாருக்குப் பி.டி.எஸ்.டி. என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது, பட்ட பயம் மனதை விட்டுப் போகாமல் யாருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கேள்விகளைத் தமிழில் எழுதியவர் எங்கள் டாக்டர். சென்னைக்காரர், கோபக்காரர், நல்லவர்.

முதல் கேள்வியே காலை வாரியது. டீக்கடையில் நின்ற ஆறுமுகம் அண்ணாச்சியிடம், "தண்ணியப் பாத்தா ஒதுங்கிப் போறீங்களா?" என்று வாசித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு வாரமாத் தொடவே இல்லவே. எம் பொஞ்சாதி சொல்லி விட்டாளா?"

அடுத்து இசக்கியம்மாள் வீடு. தனிக்கட்டை. ஓர் எருமையை வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிறவள். வெள்ளத்தன்று அதன் வாலைப் பிடித்துத்தான் கரையேறியிருக்கிறாள்.

"உறக்கம் வருதாம்மா?"

"எனக்கென்ன சார், நல்லா உறங்குதேன். எருமைதான் உறங்க மாட்டேங்கு."

"திடுக்குனு பயம் வருமா?"

"எனக்கு வராது. அதுக்குத்தான், குடத்துல தண்ணி ஊத்துற சத்தம் கேட்டாலே நடுங்குது."

"ஆத்துக்குப் போறீங்களா?"

"அது வர மாட்டேங்குதே சார். அதான் அதை வித்துட்டு களக்காட்டுல மக வீட்டோட போயிரலாம்னு பாக்கேன். மருமவன் வீட்டுச் சோறு தொண்டையில எறங்காது. என்ன செய்ய, எருமை பயப்படுதே."

வேறு வழியில்லாமல் எருமைக்கு மார்க் போட்டேன். அந்த ஊரிலேயே அதற்குத்தான் அதிகம். டாக்டர் குதித்தார்.

"இது என்னய்யா, மாட்டாஸ்பத்திரியா? பேசாம மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்கு டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயேன்."

திட்டினாலும் மறுநாள் கூடவே வந்தார். தொழுவம் காலியாக இருந்தது. விற்றேவிட்டாளோ என்று பதறி ஆற்றுப்பக்கம் ஓடினோம். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எருமை கழுத்தளவுத் தண்ணீரில் சுகமாக அசைபோட்டுக் கிடந்தது. இசக்கியம்மாள்தான் ஆற்றுக்கு வெகு தூரத்தில், ஒரு மருதமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றபடி அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு வெடவெடத்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

டாக்டர் பைய அவள் பக்கத்தில் போனார். "எருமையக் குணமாக்கிடலாம்மா. ஆனா அதுக்கு வாய் கிடையாதே. வாராவாரம் நீங்க வந்து அதுக்காகப் பேசணும்."

"மாத்திரை?"

"அதையும் நீங்கதான் போட்டுக்கணும்."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு."

ஓ.பி. சீட்டுக்குப் பெயர் கேட்டபோது செவ்வந்தி என்றாள். எருமையின் பெயர். வாராவாரம் வந்தாள். வெள்ளத்தில் போன பக்கத்து வீட்டுக்காரி எருமையின் கனவில் வந்தாள். அவள் கையை விட்டுவிட்டோமே என்று எருமை அழுதது. டாக்டர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. விற்கிற பேச்சு மெல்ல நின்றுபோனது.

ஒரு நாள் நான் கேட்டேன், "எருமை இப்ப நல்லா உறங்குதா?"

"அது எப்பவும் நல்லாத்தான் சார் உறங்கும்," என்றாள். "எனக்குத்தான் இப்பம் உறக்கம் வருது."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே எழுந்துவிடாதீர்கள். வீட்டில் ஆடு, மாடு, கோழி எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருங்கள்.