ஞாயிறு மதியச் சண்டைப் படங்கள்

இதயத்தில் சத்திரசிகிச்சை செய்து என் கணவரை வீட்டுக்கு அனுப்பியபோது, கையோடு ஒரு சின்னத் தலையணையும் கொடுத்துவிட்டார்கள். இருமினாலோ சிரித்தாலோ அதை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளந்து பொருத்திய எலும்பு நோகும். டொக்டர் இன்னொன்றும் சொன்னார்: கொஞ்ச நாளைக்கு ஆளை அந்தரப்படுத்தக் கூடாது, மனம் பதற விடக் கூடாது.

அந்த வசனத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் சொல்வதில் எது முக்கியம், எது சும்மா சொல்வது என்று பிரிக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயந்துவிடுவேன். முப்பது வருடமாக நாங்கள் சண்டை பிடித்தே குடும்பம் நடத்தியவர்கள். கறி உப்புக்கு, ரயிலுக்குப் புறப்படும் நேரத்துக்கு, யன்னல் திறப்பதற்கு. அன்றோடு நிறுத்தினேன். அவர் எது சொன்னாலும் "ஓம்". குழம்பில் புளி காணாது என்றால் ஓம். மாசிக் குளிரில் யன்னலைத் திறக்கச் சொன்னாலும் ஓம்.

வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாகிவிட்டது. அவரும் வரவரக் கதைப்பதைக் குறைத்தார். அது மருந்தின் களையாக்கும் என்று நினைத்து, அதற்கும் பயந்தேன். கதிரையில் அவர் கண்ணயர்ந்தால், சேர்ட் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பேன்.

ஞாயிறு மதியங்களில் தொலைக்காட்சியில் பழைய அமெரிக்கப் படங்கள் போடுவார்கள். கறுப்பு வெள்ளை, ஜெர்மனில் குரல் கொடுத்தவை. பெரிய படிக்கட்டு வைத்த வீடு, பட்டுச் சட்டைக்காரி ஒருத்தி, தொப்பிக்காரன் ஒருவன். படம் முழுக்க இரண்டு பேருக்கும் சண்டை. அவள் அவனுடைய தொப்பியைக் காருக்கு வெளியே எறிவாள். எடுக்க இறங்கியவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவாள். கொஞ்சத் தூரம் போய்ப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வருவாள். எங்களுக்கும் அந்தப் பணக்காரர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அங்கே விழுகிறவர்களுக்குக் காயமே வராது என்பதும், இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே கரைச்சல், அவர்கள் கதைக்கும் வேகம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரில், முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. அங்கே என்னோடு எல்லோரும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைப்பார்கள். இவர்களோ எண்ணெயில் விழுந்த கடுகு. எனக்கு அரைவாசி விளங்காது. என் கணவர் தொழிற்சாலையில் ஆட்களோடு நின்று பழகியதில் நல்ல ஜெர்மன் பிடித்தவர். அதனால் பார்த்துப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்வார். கிழமை முழுக்க வாய் திறக்காத மனிதர் அந்த ஒன்றரை மணித்தியாலம் இரண்டு பேருடைய குரலிலும் கதைப்பார். சிரிப்பு வந்தால் தலையணையை அணைத்துக்கொள்வார். சிரிப்பதும் அந்தரம்தானோ என்று எனக்குப் பதைக்கும். நிறுத்தவும் மனம் வராது.

நாலாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். பட்டுச் சட்டைக்காரி படியில் நின்று விரலை ஆட்டி ஆட்டி ஏதோ பொரிந்தாள். அவர் சொன்னார்: "புளி காணாது எண்டு சொன்ன வாயாலேயே மூண்டு தரம் குழம்பு விட்டுச் சாப்பிட்டனீங்கள் எண்டு சொல்லுறா."

அவளுடைய மற்றக் கையில் இருந்தது ஷாம்பெயின் கிளாஸ். அந்த வசனம் என்னுடையது, போன வருடத்தையது. திரும்பிப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் அப்பிடிச் சொல்லேல்லை," என்றேன். ஒரு மாதத்தில் நான் சொன்ன முதல் மறுப்பு. சொன்னதும் என் கண் தலையணைக்குப் போனது.

"சொன்னவள்."

"பொய். அமெரிக்காக்காரிக்குப் புளி தெரியுமே? இவ்வளவு நாளும் உப்பிடித்தான் எனக்குக் கதை விட்டனீங்களோ?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "பின்னை என்ன செய்ய? நீர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீர். சாகப்போற ஆளுக்குத்தான் அப்பிடி ஓம் போடுறவை. டொக்டர் உமக்குத் தனிய ஏதும் சொன்னவரோ?"

என் பயத்தை அவரிடமிருந்து மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். முழுதையும் அவருக்கல்லவா பரிமாறியிருக்கிறேன். டொக்டர் தனிய ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை, அந்தரப்படுத்தக் கூடாது என்றதால்தான் வாயை மூடினேன் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம்தான் நம்பினார்.

நாளைக்கும் இந்த ஆள் இருக்கும் என்று நம்புகிறவர்கள்தான் அந்தப் படங்களில் அப்படிக் கத்துகிறார்கள் போல. இவ்வளவு காலம் கழிந்தும் சனம் அவற்றைப் பார்ப்பது அதற்காகத்தானோ என்னவோ.

கொஞ்ச நேரத்தில், யன்னலைத் திறவும் என்றார். வெளியே ஆலங்கட்டி.

"ஏலாது," என்றேன்.

அதற்கு அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, திரையில் அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதை இருவருமே பார்க்கவில்லை.

ஆனாலும் மனம் கேட்காமல், அடுத்த டெர்மினுக்குக் காட்டப் போனபோது டொக்டரிடம் சண்டை பிடிக்கலாமா என்று கேட்டேன். அளவோடு பிடிக்கலாம் என்றார். அளவென்றால் எவ்வளவு என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை சண்டை பிடித்தோம்.